பலேர்மோவுக்கு ஒரு கிடாரம்

கிடாரத்தோடு ரயில் ஏறுகிறவனுக்கு இருக்க இடம் கிடைப்பது கஷ்டம். கதைக்க ஆள் கிடைப்பது சுகம். ஸ்ருட்கார்ட்டில் ஏறிப் பலேர்மோவில் இறங்கும்வரை என் வாய் ஓயவில்லை.

அது அலுமினியக் கிடாரம். ஒரு சாமத்தியவீட்டுச் சனத்துக்குச் சோறு அவிக்க அது ஒன்றே காணும். உள்ளே என் சாரம், இரண்டு காற்சட்டை, ஒரு போர்வை, பாதிப் பாண். வேறு பெட்டி என்னிடம் இல்லை. கிடாரத்தின் சொந்தக்காரர் சிவம் அண்ணை. ஸ்ருட்கார்ட்டில் தமிழ்க் கல்யாணங்களுக்கெல்லாம் சமைத்தவர், நாரி பிடித்துக் குனிய நிமிர முடியாமல் போனதோடு விட்டுவிட்டார். பலேர்மோத் தமிழ்ச் சனத்திடம் பெரிய ஏனம் ஒன்றும் இல்லை என்று யாரோ தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். நான் கோப்பை கழுவிய உணவகம் அந்த மாதம்தான் பூட்டுப்பட்டிருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"போற வாற செலவு என்ரை. கொண்டுபோய்த் தமிழ்ச் சங்கத்திட்டைக் குடு."

"எந்தச் சங்கம் அண்ணை?"

"பலேர்மோவிலை எத்தினை சங்கமடா இருக்கப்போகுது?"

இத்தாலிக்குள் ஏறிய டிக்கெட் பரிசோதகர் கிடாரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். "உள்ளே ஆள் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லையென்றேன். நம்பாமல் மூடியைத் திறந்தார். என் சாரத்தைக் கண்டதும் மூடினார். இத்தாலியன் எனக்கு ஓரளவு வரும். முந்தி இந்த நாட்டின் தெற்கே இரண்டு கோடை தக்காளி பிடுங்கியிருக்கிறேன். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் படுத்த காலம். கோழிகள் விடிய எழுப்பிவிடுவதால் மணிக்கூடு தேவைப்படவில்லை.

இத்தாலியின் கால்நுனிக்கு வந்ததும் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளினார்கள். எங்கள் பெட்டியில் இருந்த சிசிலிக் குடும்பம் மேல்தட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனது. சோற்றை உருட்டி, நடுவில் இறைச்சி வைத்துப் பொரித்த உருண்டை ஒன்றை வாங்கித் தந்தார்கள். தோடம்பழம் போலிருந்தது, சூடு நாக்கைச் சுட்டது. எங்களூரில் பழஞ்சோற்றைத்தான் உருட்டுவார்கள் என்று சொன்னேன். அந்த வீட்டு அம்மா, "இதுவும் பழஞ்சோறுதான், பொரித்தால் யாருக்குத் தெரியும்?" என்றாள். திரும்பி வந்து பார்த்தபோது அவளுடைய கைக்குழந்தை என் கிடாரத்துக்குள் போர்வை மேல் நித்திரை. பலேர்மோவரை என்னால் உடுப்பு மாற்ற முடியவில்லை.

ஸ்டேசனில் இறங்கினேன். மேடையில் இரண்டு கூட்டம் நின்றது. இரண்டும் தமிழ். நடுவில் ஒரு தூண்.

இந்தப் பக்கத்திலிருந்து கோட்டுப் போட்ட உயரமான மனிதர் வந்தார். "தம்பி ஸ்ருட்கார்ட்டோ? நான் நடராசா மாஸ்டர். மன்றத் தலைவர். பயணம் எப்பிடி?"

அந்தப் பக்கத்திலிருந்து கட்டையான, சிரித்த முகத்து மனிதர் வந்தார். "அந்தோனிப்பிள்ளை. ஒன்றியத் தலைவர். களைச்சுப் போனியள். விடுங்கோ, ஒரு காதை நான் பிடிக்கிறன்."

"மற்றக் காதை நான் பிடிக்கிறன்" என்றார் மாஸ்டர்.

இருவரும் ஆளையாள் பார்க்காமல் பிடித்தார்கள். பிறகு ஆளையாள் பார்க்காமல் இழுத்தார்கள். என் கூட்டாளி தவம் சனத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அண்ணைமார், அது கிடாரம். கயிறில்லை" என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

எனக்கு விளங்கிவிட்டது. "சங்கத்திட்டைக் குடுக்கச் சொல்லி வந்தனான். எது சங்கம் எண்டு பாத்துச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டுக் கிடாரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு தவத்தின் பின்னால் நடந்தேன்.

தவம் இருந்தது பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், நான்காவது மாடியில். படி வளைந்து வளைந்து போகும். ஒரு வளைவில் கிடாரம் இறுகிவிட்டது. மேலே போகிறவர்கள் போக முடியாமலும் கீழே வருகிறவர்கள் வர முடியாமலும் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் ஒரு கிழவி வீட்டிலிருந்து ஒலிவெண்ணெய் கொண்டுவந்து விளிம்பில் பூசினாள். வழுக்கிக்கொண்டு போனது. அறையில் கட்டில் ஒன்று, ஆட்கள் மூன்று. கிடாரத்தைச் சேர்த்து நான்கு.

"முதல் ஒரே சங்கம்தான்" என்றான் தவம். "ஒரு கலைவிழா வச்சவை. நல்லாத்தான் நடந்தது. கடைசியிலை நன்றியுரை. மேடை போட்டவனுக்கு நன்றி, மைக்செற்காரனுக்கு நன்றி, கதிரை தூக்கின பெடியளுக்கு நன்றி. அந்தோனிப்பிள்ளை அண்ணையின்ரை பேர் மட்டும் விடுபட்டுப் போச்சு."

"அவர் என்ன செய்தவர்?"

"மண்டபமே அவர்தானே எடுத்துக் குடுத்தவர்! அடுத்த கிழமை ஒன்றியம் துவங்கீற்றுது. இப்ப ரெண்டு கலைவிழா, ரெண்டு விளையாட்டுப் போட்டி. ரெண்டுக்கும் ஒரே சனம்தான் போகுது. சாப்பாடு ஆர் நல்லாப் போடுகினமோ அங்கை ஆக்கள் கூட. அதுதான் கிடாரத்துக்கு இந்த அடிபிடி."

அந்தக் கிழமை நான் சாப்பிட்டது போல அதற்கு முன் சாப்பிட்டதில்லை. மாஸ்டர் வீட்டில் புட்டும் வாள்மீன் குழம்பும். அந்தோனிப்பிள்ளை அண்ணை வீட்டில் இடியப்பம், கணவாய்ப் பிரட்டல். மாஸ்டர் ஊரில் ஆறு மாதம் பதில் வாத்தியாராக இருந்தவர். பலேர்மோவில் ஒரு வழக்கறிஞரின் வீட்டைத் துடைக்கிறார், அந்த வழக்கறிஞரின் பழைய கோட்டுகளைத்தான் போடுகிறார். அண்ணை ஒரு மாடிக் கட்டடத்துக்குக் காவல்காரர். இருவரிடமும் கடிதத்தலைப்பு இருந்தது, றப்பர் ஸ்ராம்ப் இருந்தது. இருவரும் மற்றவரைப் பற்றிக் கெட்டதாக ஒன்றும் சொல்லவில்லை. "அவர் நல்ல மனுசன். ஆனால் நிர்வாகம் தெரியாது" என்றார்கள். ஒரே வசனம். நான் முடிவைத் தள்ளிப்போட்டேன். பசி கண்டவன் அப்படித்தான் செய்வான்.

பகலில் ஊர் சுற்றினேன். பல்லரோவில் மீன்காரர் கூவுவது கோயிலில் தேவாரம் படிப்பது போல இழுத்து இழுத்துப் போகும். விலை கேட்டால்தான் சாதாரணக் குரலில் சொல்வார்கள். ஆள் உயரத்துக்குச் சுரைக்காய் தொங்கியது. அதன் இலையையும் கட்டுக் கட்டாக விற்றார்கள். கடலைமாவைக் கிண்டி, ஆறவிட்டு, வெட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள். உப்பு இருக்கிறது, உறைப்பு இல்லை. தவம் பையில் எப்போதும் ஒரு சரை மிளகாய்த்தூள் வைத்திருந்தான். அதைத் தூவியதும் பாண் எங்களுடையதாகிவிட்டது.

தெருவுக்குத் தெரு சங்கம். சிர்க்கொலோ என்கிறார்கள். கதவு திறந்திருக்கும், உள்ளே நான்கு கிழவர்கள் சீட்டு விளையாடுவார்கள், சுவரில் ஒரு மாதா படமும் ஒரு பந்தாட்டக் குழுவின் படமும் இருக்கும். மீன்பிடிக்காரருக்கு ஒன்று, தச்சருக்கு ஒன்று, புனிதரின் தேரைத் தோளில் காவுகிறவர்களுக்கு ஒன்று. எங்கள் சனசமூக நிலையங்கள்தான். வித்தியாசம் என்னவென்றால் நாங்கள் பேப்பர் வாசித்துச் சண்டை பிடிப்போம், இவர்கள் வாசிக்காமலே பிடிக்கிறார்கள்.

வியாழக்கிழமை பிரான்காச்சோவில் ஒரு பட்டறையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். பாதி வழியில் சாரதி பஸ்ஸை நிறுத்தி, இறங்கி, கோப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்து, இந்த நிமிடத்திலிருந்து வேலைநிறுத்தம் என்றார். ஒருவரும் கோபப்படவில்லை. எல்லோரும் குடையை விரித்தார்கள். என்னிடம் குடை இல்லை. பட்டறைக்கு நடந்துபோய், முதலாளி இல்லை, வருகிற கிழமை வா என்ற பதிலோடு ஒரேத்தோப் பக்கமாகத் திரும்பி நடந்தேன். மழை சப்பாத்துக்குள்ளால் வந்து சப்பாத்துக்குள்ளால் போனது. ஸ்டேசனைக் கண்டதும் உள்ளே ஓடினேன்.

பயணிகள் தங்கும் அறைக்குள் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். நீளமான மர வாங்குகளில் இடைவெளி இல்லாமல் தமிழ்ப் பெண்கள். ஒருத்தி தலை பின்னிக்கொண்டிருந்தாள், ஒருத்தி ஊர்க் கடிதத்தை மற்றவளுக்கு வாசித்துக்கொண்டிருந்தாள், ஒரு போத்தல் தேத்தண்ணி கை மாறிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒரே ரயிலுக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஒரு ரயில்வேப் பொலிஸ்காரர் வந்தார். "டிக்கெட்."

பெண்கள் ஒரே நேரத்தில் கையை உயர்த்தினார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு டிக்கெட். என் கை மட்டும் வெறுங்கை. பக்கத்திலிருந்த பெண் தன் கைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்து என் விரலுக்குள் செருகினாள். பொலிஸ்காரர் பார்த்துவிட்டுப் போனார்.

"பயப்பிடாதேங்கோ தம்பி. நீங்களும் இண்டைக்குப் பகேரியா போறியள்."

"பகேரியா எங்கை?"

"பக்கத்து ஊர். கிட்டவான டிக்கெட் அதுதான்."

"எப்ப போவியள் அக்கா?"

"போகவே மாட்டம்" என்றாள் அவள். வாங்கு முழுக்கச் சிரித்தது.

அவள்தான் றீற்றா அக்கா. மன்னார்ப் பக்கம், பேசாலை. இங்கே ஒரு வயதான இத்தாலிய அம்மாவின், சின்யோராவின், வீட்டோடு தங்கி வேலை. அந்த வாங்குகளில் இருந்த எல்லோரும் அப்படித்தான். வேலை செய்யும் வீட்டில் ஒரு கட்டில் உண்டு, வீடு கிடையாது. கிழமையில் வியாழன் பின்னேரம் அரைநாள் விடுமுறை. அந்த அரைநாளும் வீட்டில் இருந்தால் சின்யோரா, "றீற்றா, நீ சும்மாதானே இருக்கிறாய்" என்று தொடங்குவாள். அதனால் வெளியே வந்துவிட வேண்டும். வெளியே எங்கே இருப்பது? கோப்பிக் கடையில் காசு, பூங்காவில் மழை. ஸ்டேசனில் கூரை இருக்கிறது. டிக்கெட் இல்லாவிட்டால் கலைப்பார்கள், ஆகவே டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்கள். மேடையிலுள்ள மெசினில் குத்தாதவரை அந்த டிக்கெட் செத்துப்போகாது. குத்தாமல் ஒவ்வொரு வியாழனும் கொண்டுவந்தார்கள்.

"கெட்டிக்காரியள்" என்றேன்.

"என்ன கெட்டித்தனம். அங்கை பாருங்கோ."

கதவில் ஓர் அறிவித்தல். திருத்த வேலைக்காக அடுத்த கிழமை முதல் அறை பூட்டப்படும், பனிக்காலம் முடியத் திறக்கப்படும்.

அதற்கு அக்காவிடம் ஒரு வழி இருந்தது. ஸ்டேசனுக்கு ரயில் பார்க்க வருகிற ஒரு கிழவர், நீனோ என்று பெயர், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். அவர்களுடைய சிர்க்கொலோ ஒரேத்தோவில் இருக்கிறது. கீழே சீட்டாட்டம். மேலே ஒரு பெரிய அறை சும்மா கிடக்கிறது. தருவோம், ஆனால் அங்கத்தவர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும், வெறும் வயிற்றில் எங்கள் ஆட்கள் எதற்கும் சம்மதிப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை சமைத்துப் போடுங்கள் என்று சொல்லியிருந்தார்.

"மன்றத்திட்டையும் ஒன்றியத்திட்டையும் கேட்டனியளோ?"

"கேட்டனான். மாஸ்டர் சொன்னார், நல்ல யோசனை தங்கச்சி, வாசல்லை எங்கடை பலகை போடுவம், வியாழன் பின்னேரம் நிர்வாகசபைக் கூட்டம் வைக்கலாம் எண்டு. அண்ணையும் நல்ல யோசனை எண்டார். வியாழன் பின்னேரம் நாடகம் பழகலாமாம்."

"அப்ப நீங்கள்?"

"தேத்தண்ணி வைக்கலாமாம்" என்றாள் அக்கா. இந்த முறை வாங்கு சிரிக்கவில்லை. "தம்பி, கிடாரம் கொண்டுவந்த ஆள் நீங்கள்தானே? ஒரு நாளைக்கு இரவல் தருவியளோ?"

இரவல் கொடுத்தால் ஒருவருக்கும் கொடுத்ததாகாது. எனக்கு அந்தக் கணக்குப் பிடித்தது. ஓம் என்றேன்.

ஞாயிறு காலை நானும் தவமும் கிடாரத்தை மறுபடி எண்ணெய் பூசி இறக்கினோம். சிர்க்கொலோவின் பின்பக்கக் குசினியில் றீற்றா அக்காவும் இன்னும் சில பெண்களும் நின்றார்கள். ஞாயிறு முழுநாள் விடுமுறை. அந்த நாளையும் அடுப்படியில் கொடுத்துவிட்டார்கள். கிடாரத்தில் சோறு. பல்லரோவிலிருந்து வந்த வாள்மீன் புளிக் குழம்பாயிற்று. கத்தரிக்காயை எண்ணெயில் பொரித்துத் தேங்காய்ப்பால் விட்டார்கள். நீனோ வந்து மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். மெலிந்த மனிதர், மீசை வெள்ளை, பழைய ரயில்வேத் தொப்பி.

"கத்தரிக்காயைப் பொரிக்கத் தெரிந்தவர்கள் கெட்டவர்களாக இருக்க முடியாது" என்றார்.

மதியம் ஆனது. கிழவர்கள் நீள மேசையில் வந்து இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் மாஸ்டர், கோட்டோடு. பின்னால் மன்றம். மூச்சு வாங்குமுன் அந்தோனிப்பிள்ளை அண்ணை, பின்னால் ஒன்றியம். யார் சொன்னார்களோ தெரியாது, பலேர்மோவில் சோறு வேகும் மணம் தமிழரைத் தேடிப் போய்விடும். மாஸ்டர் வரவேற்புரை என்று இத்தாலியனில் எழுதிய தாள்களை எடுத்தார். அண்ணையும் எடுத்தார். தாள் தடிப்பைக் கண்ட நீனோ, "சாப்பாட்டுக்குப் பிறகு, சாப்பாட்டுக்குப் பிறகு" என்று இருவரையும் மேசையின் இரண்டு தலைப்பில் இருத்திவிட்டார்.

சோறு பரிமாறினோம். நானும் தவமும் சோறு, பெண்கள் கறி. கிழவர்கள் கோப்பையைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள். ஒருவரும் கரண்டியைத் தொடவில்லை. ஆவி பறந்து அடங்கியது.

"உறைப்பெண்டு பயப்பிடுகினமோ?" என்றான் தவம் மெதுவாக.

நீனோ எழும்பினார். "நீங்கள் ஏன் மேசையில் எங்களோடு வந்து இருக்கவில்லை?" என்று றீற்றா அக்காவைக் கேட்டார்.

"நாங்கள் பிறகு சாப்பிடுவோம்."

"பிறகு என்றால்?"

"நீங்கள் சாப்பிட்டு முடிந்த பிறகு."

மேசையில் முணுமுணுப்பு. ஒரு கிழவர், "சாப்பாட்டில் என்ன பிழை? சமைத்தவர்களே தொடவில்லை" என்றார். இன்னொருவர், "நாங்கள் வேலைக்காரர் வைத்துச் சாப்பிடுகிற ஆட்கள் இல்லை. நான் முப்பது வருடம் தண்டவாளம் தட்டியவன். எனக்குப் பின்னால் யாரும் நின்றால் இறங்காது" என்று கோப்பையைத் தள்ளினார்.

எனக்குப் பயம் பிடித்தது. எங்கள் பந்தியில் விருந்தாளி எழும்பும்வரை வீட்டுக்காரர் இருப்பதில்லை. இருந்தால்தான் குறை. அதையே இங்கே ஒரு கூட்டம் கிழவர்கள் அவமானமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேசைத் தலைப்பிலிருந்து மாஸ்டர் கிசுகிசுத்தார்: "தங்கச்சி, இருங்கோவன். அறை போகப்போகுது."

றீற்றா அக்கா இருக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. கையில் குழம்பு அகப்பை. இத்தாலியனில் சத்தமாகச் சொன்னாள்:

"நான் வேலைக்காரியாகத்தான் இருக்கிறேன். திங்கள், செவ்வாய், புதன் எல்லாம். ஆனால் இன்று ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை நான் யாருக்கும் வேலைக்காரி இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் சாப்பிட வேண்டும். வீட்டுக்காரர் பிறகு. அது எங்கள் முறை."

நீனோ மீசையைத் தடவினார். "சின்யோரா றீற்றா, பொறுங்கள். இது எங்கள் சிர்க்கொலோ. நாங்கள்தான் வீட்டுக்காரர். நீங்கள் விருந்தாளி."

"சமைத்தது யார்?"

"நீங்கள்."

"பரிமாறியது?"

"நீங்கள்."

"அப்போது யார் விருந்தாளி?"

நீனோ மேசையைப் பார்த்தார். மேசை அவரைப் பார்த்தது. "அப்படியென்றால் வாக்கெடுக்க முதலே இது உங்கள் வீடு என்று முடிவு செய்துவிட்டீர்கள்" என்றார்.

"ஓம்" என்றாள் அக்கா, தமிழில். தலையாட்டிய விதத்தில் எல்லோருக்கும் விளங்கியது.

தண்டவாளம் தட்டிய கிழவர் முதலில் சிரித்தார். பிறகு கோப்பையைத் தன் பக்கம் இழுத்து ஒரு வாய் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. தண்ணீர் குடித்தார். மறுபடி வைத்தார். மற்றவர்களும் தொடங்கினார்கள். ஒருவர் கத்தரிக்காயை இரண்டாம் முறை கேட்டபோது அக்கா, "இன்னும் கொஞ்சம் சோறு?" என்று கேட்காமலே சோற்றையும் போட்டாள். வேண்டாம் என்று கையால் மறைத்தவர்களின் விரலுக்கு மேலேயே குழம்பு விழுந்தது. அதுவும் எங்கள் முறைதான்.

வாக்கெடுப்பு அவர்கள் முறைப்படி நடந்தது. கொண்டைக்கடலை என்றால் ஓம், அவரை விதை என்றால் இல்லை. நீனோவின் தொப்பி கை மாறிப் போனது. கவிழ்த்தபோது மேசை முழுக்கக் கடலை உருண்டது. அவரை விதை ஏதோ சிலதுதான். அடுத்த நாள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சூப்பில் போடுவார்களாம், வாக்கு வீணாகக் கூடாதென்று.

"இப்போது மேலறைப் பூட்டின் திறப்பு யாரிடம்?" என்றார் நீனோ.

மாஸ்டரும் அண்ணையும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். இருவர் கையிலும் றப்பர் ஸ்ராம்ப்.

நீனோ மாஸ்டரைக் கேட்டார்: "வியாழக்கிழமை பின்னேரம் மேலே என்ன செய்வீர்கள்?"

"நிர்வாகசபைக் கூட்டம். அதன் பிறகு உபகுழுக் கூட்டம்."

அண்ணையைக் கேட்டார்.

"நாடகம். ராஜா வேசம், போர்க் காட்சி எல்லாம் இருக்கிறது."

நீனோ மேலே பார்த்தார், தலைக்கு மேலிருக்கும் பலகைத் தளத்தை. பிறகு றீற்றா அக்காவைக் கேட்டார். "நீங்கள்?"

அக்கா யோசித்தாள். "ஒன்றும் செய்ய மாட்டோம்" என்றாள். "சும்மா இருப்போம்."

கிழவர்கள் மேசையில் தட்டினார்கள். "அதுதானே ஒரு சிர்க்கொலோ!" என்றார் நீனோ. "நாங்களும் எத்தனையோ வருடமாக அதைத்தான் செய்கிறோம்." திறப்பை அக்காவின் கையில் வைத்தார்.

மாஸ்டருக்கு முகம் விழுந்துவிட்டது. "தங்கச்சி ஒரு சங்கத்திலையும் அங்கத்தவர் இல்லையே" என்றார் என்னிடம்.

"அதுதான் மாஸ்டர், கிடாரமும் அவவிட்டை நிக்கட்டும்" என்றேன். "உங்களுக்குத் தேவையெண்டால் இரவல் கேளுங்கோ. அண்ணைக்கும் அதுதான்."

அண்ணை முதலில் என்னை முறைத்தார். பிறகு, "இரவல் தருவாவோ?" என்றார்.

"ஒழுங்காய்க் கழுவித் தந்தால்" என்றாள் அக்கா. அதற்குப் பிறகுதான் பெண்கள் சாப்பிட இருந்தார்கள். கிழவர்கள் போகாமல் சுற்றி நின்று, அவர்கள் கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்தார்கள். ஒருவர் தானும் முயன்று பார்த்துச் சட்டைக் கையை நனைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பிரான்காச்சோவில் வேலை கிடைத்தது. ஜன்னல் சட்டம் வெட்டும் பட்டறை. யாராவது கேட்டால் பெர்மெஸ்ஸோ, தங்கும் அனுமதி, இருக்கிறது என்று சொல்லு என்றார் முதலாளி, தான் கேட்கவில்லை. படுக்கப் பட்டறையிலேயே ஒரு மூலை தந்தார். சிவம் அண்ணைக்குத் தொலைபேசியில் கிடாரம் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது என்றேன். எந்தச் சங்கம் என்று அவர் கேட்கவில்லை.

வியாழன் பின்னேரம் பட்டறையில் மின்சாரம் நின்றுவிட்டது. முதலாளி இன்றைக்கு வேலை போதும் என்றார். றீற்றா அக்காவுக்கு ஒரு சொல் சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரேத்தோவுக்குப் பஸ் எடுத்தேன். இந்த முறை பஸ் கடைசிவரை போனது. மேலே பாட்டும் கதையும் சிரிப்புமாக இருக்கும், ஒரு தேத்தண்ணி கிடைக்கும் என்று நினைத்தபடி உள்ளே நுழைந்தேன்.

கீழே கிழவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாகச் சீட்டை மேசையில் அடிப்பார்கள், வெட்டுப்பட்டவன் பேசுகிற பேச்சுத் தெருவுக்குக் கேட்கும். இன்று சீட்டை இலை வைப்பது போல மெதுவாக வைத்தார்கள். தோற்றவன் கையை விரித்து, கண்ணை உருட்டி, வாயைத் திறக்காமலே முழுக் கெட்ட வார்த்தையும் சொல்லி முடித்தான்.

படியில் நீனோ கதிரை போட்டு இருந்தார். விரலை உதட்டில் வைத்தார். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறி, பாதி திறந்த கதவால் பார்த்தேன்.

எல்லோரும் நித்திரை. பாயிலும் துணியிலும் வரிசையாக, சிலர் சுவரில் சாய்ந்து, ஒருத்தி இரண்டு கதிரையைச் சேர்த்து வைத்து. றீற்றா அக்கா கதவடியில் கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கைக்குள் திறப்பு. விடிய ஐந்து மணிக்கு எழும்புகிறவர்கள். ஸ்டேசன் வாங்கில் இருக்கலாம், படுக்க விடமாட்டார்கள். இத்தனை வியாழனும் நிமிர்ந்து இருந்தே கழித்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கீழே வாசலில் சத்தம். மாஸ்டரும் அண்ணையும். இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்களா, வாசலில் சந்தித்தார்களா தெரியாது. படி ஏறி வந்து, என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணை அவருடைய கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தார். "வாரும் மாஸ்டர், கீழை போவம்." அந்தக் கலைவிழாவுக்குப் பிறகு அவர் மாஸ்டரோடு கதைத்த முதல் வார்த்தை அது என்று தவம் பிறகு சொன்னான்.

நான் நீனோவுக்குப் பக்கத்தில் படியில் இருந்தேன். "நீங்கள் ஏன் இங்கே காவல்?" என்று கேட்டேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்து முழங்காலில் வைத்தார். "நான் இரவு ரயிலில் டிக்கெட் பார்த்தவன்" என்றார் மெல்ல. "நித்திரையாகிப் போகிற சனம் என்னிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுப் படுக்கும். அந்த ஊர் வர முதல் போய்த் தோளில் தட்ட வேண்டும். ஒருவரையும் நான் தவறவிட்டதில்லை. இவர்கள் எட்டு மணிக்கு வீட்டுக் கதவில் நிற்க வேண்டுமாம். ஏழரைக்கு எழுப்புவேன்."

கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் நிறைய நேரம் இருக்கிறது" என்றார்.